பேக்கெண்ட் கத்துக்கறோம், டைப் போட்டு எழுதறோம், ஆனா முன்னேறுறோமான்னு எப்படித் தெரியும்?

ஃப்ரண்டெண்ட் கத்துக்கறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. இன்னிக்கு ஒரு பட்டன் வெச்சா அது கண்ணு முன்னாடி நிக்கும், நாளைக்கு கலர் மாறும், பக்கத்துல இருக்கறவங்கள கூப்பிட்டுக் காட்டலாம். பேக்கெண்ட்ல, அதாவது திரைக்குப் பின்னாடி சர்வர்ல ஓடற பக்கத்துல, அப்படி எதுவும் கிடையாது. மூணு மாசம் உக்காந்து எழுதினாலும் கடைசில கறுப்பு டெர்மினல்ல சர்வர் ஓடுதுன்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதனாலேயே நடுவுல ஒரு சோர்வு வந்துடுது, நிஜமாவே எதாவது கத்துக்கிட்டோமா இல்ல வீடியோல பார்த்ததை அப்படியே தட்டிக்கிட்டு இருக்கோமான்னு. எனக்கு அது எட்டாவது மாசம் வந்துச்சு. அப்போதான் முதல் மாசத்துல எழுதின ஒரு ப்ராஜெக்ட்ட தேடி எடுத்துத் திறந்தேன். ஒரு சின்ன நூலக சர்வர். புத்தகம் இருக்கும், உறுப்பினர் இருப்பாங்க, யாரு எந்தப் புத்தகத்தை எடுத்தாங்க, எப்போ திருப்பித் தரணும்னு பதிவு பண்ணும். டைப்ஸ்கிரிப்ட்ல எழுதினது, ஜாவாஸ்கிரிப்ட் மேல டைப் சேர்த்த மொழி அது.

படிச்சுப் பார்த்ததுல எனக்குப் புரிஞ்ச ஒரு விஷயத்தைத்தான் இங்க விளக்கப் போறேன். டைப் போட்டு பேக்கெண்ட் எழுதும்போது முன்னேற்றத்தைப் பார்க்க நல்ல இடம் ஒண்ணு இருக்கு, நம்ம தப்பு எங்க பிடிபடுதுன்னு பாருங்க. எழுதும்போதே எடிட்டர்ல பிடிபடுதா, சர்வருக்குள்ள நுழையற வாசல்ல பிடிபடுதா, டெஸ்ட்ல பிடிபடுதா, ராத்திரி லாக்ல (சர்வர் எழுதி வெக்கற பதிவுல) பிடிபடுதா, இல்ல பயன்படுத்தறவங்க வந்து சொல்லித்தான் தெரியுதா. தப்பு பண்றது யாருக்கும் நிக்காது, பிடிபடற இடம் மட்டும் முன்னாடி நகர்ந்துக்கிட்டே வரும். அந்த நகர்வுதான் நாம கத்துக்கிட்டது.

முதல்ல டைப்னா என்னன்னு பார்த்துடலாம், புதுசா வர்றவங்களுக்காக. ஒரு மதிப்பு என்ன வகை, அதை வெச்சு என்னென்ன செய்யலாம்னு சொல்ற குறிப்புதான் டைப். பக்கங்களோட எண்ணிக்கை ஒரு நம்பர், அதைக் கூட்டலாம் கழிக்கலாம். தலைப்பு ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துக்கோர்வை, அதைக் கழிக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் உள்ளுக்குள்ள இந்த வித்தியாசமெல்லாம் தெரியும், ஆனா ப்ரோக்ராம் ஓடும்போதுதான் அதைப் பார்க்கும், அப்பவும் நம்மள நிறுத்தாம தானே எதையாவது மாத்திக்கிட்டுப் போயிடும். "5"ங்கிற ஸ்ட்ரிங்கோட 1-ஐ கூட்டினா "51"னு கொடுக்கும், அதே "5"ல இருந்து 1-ஐ கழிச்சா 4னு கொடுக்கும். 1995ல பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல முதல் வடிவத்தை எழுதின மொழி இது, ப்ரௌசர்ல சின்னச் சின்ன வேலைக்காக வந்தது. அப்புறம் 2009ல ரயன் டால், ஜாவாஸ்கிரிப்ட்ட ப்ரௌசருக்கு வெளிய ஓட விடற நோட் ஜேஎஸ் கொண்டு வந்ததும் அதே மொழி பரவலா சர்வர் பக்கமும் வந்துடுச்சு. சின்ன வேலைக்குப் பரவாயில்லாம இருந்த இந்த தாராள குணம், ஆயிரக்கணக்கான வரி இருக்கற சர்வர்ல பெரிய தலைவலி. 2012 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட்ட வெளியிட்டாங்க, அதுக்குப் பின்னால இருந்தவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க், டர்போ பாஸ்கல், சி ஷார்ப் எல்லாம் அவர் கை பட்டதுதான். அது என்ன பண்ணுதுன்னா, ஓடறதுக்கு முன்னாடியே கோட படிச்சுப் பார்த்து, இந்த இடத்துல நம்பர் வேணும்னு சொல்லிட்டு ஸ்ட்ரிங் கொடுக்கறியேன்னு சொல்லுது. சொல்லிட்டு, எழுதின டைப் எல்லாத்தையும் அழிச்சிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ட மட்டும் ஓட விடுது. இந்தக் கடைசி வாக்கியத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, ஓடும்போது டைப் இருக்காது. பின்னாடி இது ரொம்ப முக்கியமா வரும்.

இப்போ அந்தப் பழைய ப்ராஜெக்ட்டுக்கு வரேன். திறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது எனி. இருபது சின்ன ஃபைல்ல நாப்பத்தி மூணு எனி. எனின்னா, இந்த மதிப்பு என்ன வேணா இருக்கலாம், இதைப் பத்தி எதுவும் கேக்காதேன்னு கம்பைலர்கிட்ட (ஓடறதுக்கு முன்னாடி நம்ம கோட படிச்சுப் பார்க்கற ப்ரோக்ராம்கிட்ட) சொல்றது. ஆரம்பத்துல எல்லாரும் இதுலதான் போய் நிப்போம், ஏன்னா எடிட்டர்ல சிவப்புக் கோடு வந்தாலே படபடப்பா இருக்கும், எனின்னு போட்டா கோடு மறைஞ்சிடும், மறைஞ்சதும் சரியாயிடுச்சுன்னு தோணும். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாது இல்லையா, தப்பு அதே இடத்துலதான் இருக்கு, அதைக் காட்டிக் கொடுத்த விளக்கத்தான் நாம அணைச்சிருக்கோம். அது மட்டும் இல்ல, எனி ஒரு இடத்துல நிக்காது, அதுல இருந்து எடுக்கற ஒவ்வொண்ணும் எனி ஆயிடும், அதை வாங்கற ஃபங்ஷன் திருப்பிக் கொடுக்கறதும் பல சமயம் எனி ஆயிடும், கடைசில டைப்ஸ்கிரிப்ட் எழுதறோம்னு நினைச்சுக்கிட்டு பாதி ப்ராஜெக்ட்ல வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் எழுதியிருப்போம்.

2018ல வந்த 3.0 பதிப்புல அன்நோன்னு ஒரு டைப் சேர்த்தாங்க. இதுலயும் என்ன மதிப்பு வேணா வரலாம், ஆனா என்ன வகைன்னு நீங்க சோதிச்சுக் காட்டற வரைக்கும் அதைத் தொட விடாது. எனின்னா "எனக்குக் கவலை இல்ல", அன்நோன்னா "எனக்கு இன்னும் தெரியல". இந்த ரெண்டுக்கும் இருக்கற தூரம் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு, புரிஞ்ச அன்னிக்கு நெஜமாவே ஒரு படி ஏறின மாதிரி இருந்துச்சு. உங்க பழைய கோட்ல எத்தனை எனி இருக்குன்னு எண்ணிப் பாருங்க, போன மாசம் எழுதினதுலயும் எண்ணுங்க. பூஜ்ஜியம் ஆகணும்னு அவசியமே இல்ல, ஒவ்வொண்ணும் ஏன் அங்க இருக்குன்னு உங்களால சொல்ல முடியணும், அது போதும்.

அடுத்து கண்ணுல பட்டது, இல்லாத புத்தகம். ஐடி கொடுத்தா புத்தகத்தைத் தேடிக் கொடுக்கற ஃபங்ஷன் ஒண்ணு எழுதியிருந்தேன், அது புத்தகம்ங்கிற டைப்ப திருப்பிக் கொடுக்கும்னு எழுதியிருந்தேன். ஆனா அந்த ஐடில புத்தகமே இல்லன்னா? டேட்டாபேஸ் எதுவும் கொடுக்காது, நாம அன்டிஃபைன்ட்ல (மதிப்பே இல்லைங்கிறதுக்கான பேர்) இருந்து தலைப்ப எடுக்கப் போவோம், அங்க எரர் வெடிச்சு பயனருக்கு 500 போகும். 500னா சர்வர்ல ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். எதுவும் உடையல, அந்தப் புத்தகம் இல்ல அவ்வளவுதான், அதுக்கு 404னு ஒரு தனி பதில் இருக்கு. இந்த "இல்ல"ங்கிற மதிப்புக்குப் பெரிய வரலாறே உண்டு, டோனி ஹோர்ங்கிற கணினி அறிஞர் 1965ல அல்கால் டபிள்யூ மொழிக்கு நல் (null) ரெஃபரன்ஸ, அதாவது எதையும் சுட்டாத மதிப்ப, சேர்த்தார், சேர்க்கறது சுலபமா இருந்ததால சேர்த்தேன்னு 2009ல ஒரு மாநாட்டுல அவரே சொல்லி, அதைத் தன்னோட நூறு கோடி டாலர் தவறுன்னு ஒத்துக்கிட்டார். அத்தனை பெரிய மனுஷரே வருத்தப்பட்ட விஷயத்துல நாம தடுக்கி விழறது ஆச்சரியம் இல்ல.

டைப்ஸ்கிரிப்ட்ல ஸ்ட்ரிக்ட்னு ஒரு செட்டிங் இருக்கு. அதை ஆன் பண்ணிட்டா, நல்லும் அன்டிஃபைன்டும் தானா எந்த டைப்புக்குள்ளயும் ஒளிஞ்சிக்க முடியாது, வெளிப்படையா எழுதணும். அப்போ அந்தத் தேடற ஃபங்ஷனோட டைப் "புத்தகம் அல்லது அன்டிஃபைன்ட்"னு மாறும், அதைக் கூப்பிடற ஒவ்வொரு இடத்துலயும் கம்பைலர் நிறுத்திக் கேக்கும், இல்லன்னா என்ன பண்ணப் போறன்னு. எனக்கு எச்டிடிபி ஸ்டேட்டஸ் கோட் (இந்த 500, 404 மாதிரி பதில் எண்கள்) எல்லாம் மனப்பாடமா முன்னாடியே தெரியும், 404 எப்போ கொடுக்கணும்னு பரீட்சைல கேட்டா எழுதியிருப்பேன், ஆனா என் கோட்ல எந்த வரில அது வரணும்னு கை பிடிச்சுக் காட்டினது இந்தக் கேள்விதான். பேக்கெண்ட்ல பாதி வேலை எல்லாம் நல்லபடியா நடக்காதப்போ என்ன பதில் சொல்றதுங்கிறதுதான். ஆரம்பத்துல எழுதின ரவுட்ல (ஒரு யூஆர்எல்லுக்கு வர்ற ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் சொல்ற கோட்ல) எல்லாம் ஒரே ஒரு பாதைதான் இருக்கும், எல்லாம் சரியா நடக்கற பாதை. இப்போ ஒரு ரவுட் எழுத உக்காந்தா முதல்ல எனக்குத் தோணறதே மத்த பாதைங்கதான்.

இனிமே சொல்லப்போறதுதான் இந்தக் கட்டுரைலயே முக்கியமானதுன்னு நான் நினைக்கறேன், கொஞ்சம் நிதானமா போகலாம்.

என் கோட பார்த்துக் கொடுக்கற ஒரு அக்கா இருக்காங்க, பல வருஷமா இதே வேலைல இருக்கறவங்க. அவங்க ஸ்க்ரீன்ல ஏதாவது ஒரு வேரியபிள் மேல விரலை வெச்சு ஒரே கேள்விதான் கேப்பாங்க, "தம்பி, இது எங்கேர்ந்து வருது?" நான் இது நம்பர் அக்கான்னு டைப்ப காட்டுவேன். "டைப்ப கேக்கல, மதிப்பு எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறேன்"பாங்க. பல வாரம் எனக்கு இந்தக் கேள்வியே புரியல.

அவங்க கேட்டது இதுதான். டைப்ஸ்கிரிப்ட்டுக்கு உங்க கோட் மட்டும்தான் தெரியும். வெளியில இருந்து வர்றது எதுவும் அதுக்குத் தெரியாது, ஏன்னா அது வேலை செய்யற நேரத்துல அந்த டேட்டா இன்னும் வந்தே சேரல. பயனர் அனுப்பற ரிக்வெஸ்ட் பாடி (ரிக்வெஸ்ட்டோட உள்ள வர்ற டேட்டா), யூஆர்எல்ல இருக்கற ஐடி, கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற க்வெரி, என்விரான்மெண்ட் வேரியபிள் (சர்வருக்கு வெளில இருந்து கொடுக்கற அமைப்புகள்), இன்னொரு சர்வர் கொடுக்கற பதில், நம்ம டேட்டாபேஸ்ல இருந்து வர்ற வரிசை, எல்லாமே வெளியதான். அதுக்கெல்லாம் நாம ஒரு டைப் எழுதி வெச்சா அது சோதனை கிடையாது, நம்ம நம்பிக்கை. பாடில உறுப்பினர் பேரும் வயசும் இருக்கும்னு "ஆஸ்" (இதை இந்த டைப்பாவே எடுத்துக்கன்னு சொல்றது) போட்டு எழுதிட்டேன், கம்பைலர் சரின்னுடுச்சு, அந்த "ஆஸ்"ங்கிறது ஓடும்போது ஒரு வேலையும் செய்யறதில்ல, வயசுக்குப் பதிலா ஒரு முழுப் பட்டியலே வந்தாலும் உள்ள விட்டுடும்.

இதுல நான் மாட்டின இடங்களைச் சொல்றேன், நீங்களும் கண்டிப்பா இதுல ஒண்ணுலயாவது மாட்டுவீங்க. யூஆர்எல்ல வர்றது எல்லாமே ஸ்ட்ரிங், பக்கம் 10னு கேட்டா வர்றது "10", அடுத்த பக்கத்துக்கு 1 கூட்டினா 101வது பக்கத்துக்குப் போயிடும். சரி நம்பரா மாத்திடலாம்னு மாத்தினா, காலி ஸ்ட்ரிங் 0 ஆகுது, எழுத்து வந்தா நேன் ஆகுது, நேன்னா "நம்பர் இல்ல"ன்னு அர்த்தம், ஆனா டைப்ல அதுவும் நம்பர்தான், கம்பைலர் வாயே திறக்காது. எக்ஸ்பிரஸ்ல (நோட் ஜேஎஸ்ல சர்வர் எழுத மத்தவங்க எழுதி வெச்ச ஒரு லைப்ரரி) ஒரே பேர க்வெரில ரெண்டு தடவை கொடுத்தா ஸ்ட்ரிங்குக்குப் பதிலா ஒரு அரே (பட்டியல்) வரும். திருப்பித் தர வேண்டிய தேதிய டேட்னு டைப் எழுதியிருந்தேன், ஆனா ஜேசன்ல (டேட்டாவ எழுத்தா அனுப்பற வடிவம்) தேதின்னு ஒரு வகையே கிடையாது, அனுப்பும்போது ஸ்ட்ரிங்கா மாறிடும், வாங்கற பக்கம் ஸ்ட்ரிங்காவேதான் வரும், அதுல போய் வருஷத்தைக் கேட்டா அங்கேயே விழுந்துடும்.

எல்லாத்தையும் விட என்னை ரெண்டு நாள் சுத்தல்ல விட்டது டேட்டாபேஸ் எண்ணிக்கைதான். ஒரு உறுப்பினர் எத்தனை புத்தகம் எடுத்திருக்காங்கன்னு போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல கவுண்ட் போட்டு எடுத்தேன், டைப் நம்பர்னு நானே எழுதிக்கிட்டேன். போஸ்ட்கிரெஸ்ல கவுண்ட் கொடுக்கறது பிக்இன்ட் (பெரிய முழு எண்), அது ஜாவாஸ்கிரிப்ட் நம்பருக்குள்ள பத்திரமா அடங்காத அளவுக்குப் பெருசா இருக்க முடியும், ஜாவாஸ்கிரிப்ட்ல 9007199254740991 வரைக்கும்தான் முழு எண்கள் துல்லியமா நிக்கும், அதனால நோட் ஜேஎஸ்ல பரவலா பயன்படுத்தற போஸ்ட்கிரெஸ் லைப்ரரி அதை ஸ்ட்ரிங்காவே கொடுத்துடும். அது சரியான முடிவுதான். ஆனா என் கோட்ல 2 புத்தகம் எடுத்தவங்க இன்னொண்ணு எடுக்கும்போது "2" கூட்டல் 1 "21" ஆகி, வரம்பு தாண்டிட்டீங்கன்னு சொல்லிடுச்சு. டைப்ல எந்தத் தப்பும் தெரியல, எடிட்டர் பச்சையா இருக்கு, நான் போட்ட டைப்தான் பொய். அன்னிக்குத்தான் அக்காவோட கேள்வி எனக்குள்ள இறங்குச்சு.

வழி என்னன்னா, வாசல்லயே நின்னு சோதிக்கறது. வெளிய இருந்து வர்ற எதையும் முதல்ல அன்நோன்னு எடுத்துக்கணும். அப்புறம் ஓடும்போதே அதைப் பரிசோதிக்கணும், பேர் இருக்கா, ஸ்ட்ரிங்கா, காலியா இல்லாம இருக்கா, தேதின்னு கொடுத்தது நிஜமாவே தேதியா மாத்த முடியுதா. சரியா இருந்தா அதை நம்ம டைப்பா மாத்தி உள்ள அனுப்பணும், இல்லன்னா அங்கேயே 400 (தப்பான ரிக்வெஸ்ட்) கொடுத்து என்ன தப்புன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடணும். இதைக் கையால எழுதலாம், முதல் தடவை கையாலதான் எழுதணும்னு நான் சொல்லுவேன், அப்போதான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். அப்புறம் ஸாட் மாதிரி ஒரு லைப்ரரிக்குப் போகலாம், அதுல டேட்டா எப்படி இருக்கணும்னு ஒரு ஸ்கீமா எழுதினா போதும், ஓடும்போது சோதிக்கறதையும் அதே செய்யும், அதுல இருந்தே டைப்பும் கிடைச்சிடும், ரெண்டு இடத்துல எழுதி ரெண்டும் வேற வேற ஆகற பிரச்சனை இருக்காது. சர்வர் தொடங்கும்போதே என்விரான்மெண்ட் வேரியபிள்களையும் இதே மாதிரி சோதிச்சிடுங்க, டேட்டாபேஸ் முகவரி இல்லன்னா சர்வர் எழுந்திரிக்கவே கூடாது, முதல் பயனர் வந்து முட்டிக்கிட்ட பிறகு தெரியறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

வாசல் கெட்டியா இருந்தா உள்ள இருக்கற கோட் எவ்வளவு லேசாகுதுன்னு பார்த்தாத்தான் தெரியும். என் பழைய கோட்ல ஒவ்வொரு ஃபங்ஷன்லயும் இது இருக்கா, இது சரியான்னு சந்தேகத்தோட இஃப் போட்டிருந்தேன், அப்படியும் முக்கியமான இடத்துல விட்டிருந்தேன். இப்போ எழுதறதுல சந்தேகம் எல்லாம் ஓரத்துல ஒரே இடத்துல இருக்கு, உள்ள வந்துட்டா டைப் சொல்றதை நம்பலாம். ரெண்டு கோடையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போ எட்டு மாசம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது.

டைப்ப வெச்சு சோதனை மட்டும் பண்றது ஒரு கட்டம், டைப்ப வெச்சு யோசிக்கறது அடுத்த கட்டம். பழைய கோட்ல ஒரு புத்தகத்துக்கு வெளில போயிருக்கான்னு ஒரு பூலியன் (ஆமா அல்லது இல்லைங்கிற மதிப்பு), எடுத்தவரோட ஐடி இருந்தாலும் இருக்கலாம், திருப்பித் தர வேண்டிய தேதி இருந்தாலும் இருக்கலாம், தொலைஞ்சிடுச்சான்னு இன்னொரு பூலியன். இதுல எத்தனை விதமான அர்த்தமில்லாத நிலைமை வரலாம்னு யோசிச்சுப் பாருங்க, புத்தகம் ஷெல்ஃப்ல இருக்கு ஆனா எடுத்தவர் ஐடி இருக்கு, வெளில போயிருக்கு ஆனா தேதி இல்ல, அப்புறம் தொலைஞ்சும் போயிருக்கு ஷெல்ஃப்லயும் இருக்கு. இப்போ அதை யூனியனா, அதாவது இது இல்லன்னா அதுன்னு சொல்ற டைப்பா எழுதறேன். ஒரு புத்தகம் ஷெல்ஃப்ல இருக்கலாம், அப்போ வேற எந்தத் தகவலும் கிடையாது. இல்ல வெளில போயிருக்கலாம், அப்போ எடுத்தவரும் தேதியும் கண்டிப்பா இருக்கணும். இல்ல தொலைஞ்சிருக்கலாம், அப்போ எப்போ தெரிஞ்சுதுன்னு இருக்கணும். இந்த மூணுல ஒண்ணுதான், நடுவுல எதுவும் இல்ல. தப்பான நிலைமைய எழுதவே முடியாதபடி டைப்ப அமைச்சிட்டா அதைச் சோதிக்கற கோடே தேவைப்படாது. அப்புறம் ஒரு நாள் "பழுது பார்க்கப் போயிருக்கு"ன்னு நாலாவது நிலைமை சேர்த்தேன், சேர்த்த உடனே கம்பைலர் ஆறு இடத்துல சிவப்புக் கோடு போட்டுச்சு, இங்கெல்லாம் நீ இந்த நாலாவதப் பத்தி எதுவும் சொல்லலன்னு. (அது தானா வராது, விட்டுப்போன நிலைமை எதுவும் மிச்சம் இல்லன்னு நெவர் டைப்ப (எந்த மதிப்பும் வர முடியாத டைப்) வெச்சு, நிலைமைக்கு ஏத்த மாதிரி பிரியற ஒவ்வொரு ஸ்விட்ச் கடைசிலயும் எழுதி வெக்கணும், சின்ன வேலைதான்.) முதல் மாசத்துல சிவப்புக் கோடப் பார்த்தா எனி போட்ட அதே ஆள் இப்போ சிவப்புக் கோடு வரட்டும்னு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன், எனக்கு இதை விடப் பெரிய அடையாளம் வேற எதுவும் கிடைக்கல.

ஆனா ஒரு எச்சரிக்கை. நடுவுல ஒரு காலம் வரும், டைப்ப வெச்சு வித்தை காட்டற காலம், ஜெனரிக்குக்குள்ள ஜெனரிக், கண்டிஷனல் டைப், ஒரு வரிய புரிஞ்சுக்க பத்து நிமிஷம் ஆகும். எனக்கு அது நாலாவது அஞ்சாவது மாசத்துல வந்துச்சு, அப்போ ரொம்பக் கத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. இப்போ அதைப் படிச்சா அந்த ரெண்டு மாசத்துல சர்வர் பக்கம் எதுவும் முன்னேறல. அந்த வித்தையெல்லாம் லைப்ரரி எழுதறவங்களுக்குத் தேவை, ஒரு ரவுட் எழுத அது தேவையே இல்ல.

டைப் எதைப் பிடிக்காதுன்னு தெரிஞ்சுக்கறதும் இதுல சேர்த்திதான். உறுப்பினர் ஐடியும் ஸ்ட்ரிங், புத்தக ஐடியும் ஸ்ட்ரிங், ஒரு ஃபங்ஷனுக்கு ரெண்டையும் இடம் மாத்திக் கொடுத்தா கம்பைலருக்கு ரெண்டும் ஒண்ணுதான். 1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்ல தொலைஞ்சு போனது இந்த ஜாதி தப்புதான், ஒரு மென்பொருள் பவுண்ட் அளவுல கணக்கு கொடுத்துச்சு, இன்னொண்ணு அதை நியூட்டன் அளவுன்னு எடுத்துக்கிச்சு, ரெண்டு பக்கமும் பார்த்தா வெறும் நம்பர்தான். டைப்ஸ்கிரிப்ட்ல இதுக்கு பிராண்டட் டைப்னு ஒரு வழி இருக்கு, ஸ்ட்ரிங் மேல ஒரு முத்திரை குத்தி இது உறுப்பினர் ஐடி, இது புத்தக ஐடின்னு பிரிச்சிடலாம். எல்லா இடத்துலயும் வேண்டாம், குழம்பக்கூடிய இடத்துல மட்டும் போடுங்க.

அவெய்ட் (வேலை முடியற வரைக்கும் காத்திருன்னு சொல்ற சொல்) மறக்கறது இன்னொண்ணு. அனுமதி இருக்கான்னு கேக்கற, பதில் பிறகு வர்ற அசிங்க் ஃபங்ஷன இஃப்புக்குள்ள அவெய்ட் இல்லாம கூப்பிட்டா வர்றது ஒரு ப்ராமிஸ் (பதில் பிறகு வரும்ங்கிற சீட்டு), ப்ராமிஸ் எப்பவுமே உண்மைன்னுதான் எடுத்துக்கும், அப்போ எல்லாருக்கும் அனுமதி கிடைச்சிடும், நல்ல வேளையா இதை ஸ்ட்ரிக்ட்ல கம்பைலரே பிடிச்சிடும். ஆனா சேமிக்கற ஃபங்ஷன சும்மா கூப்பிட்டுட்டு அவெய்ட் போடாம விட்டா கம்பைலர் சொல்லாது, அதுக்கு லின்ட்டர்ல (கோட்ல சந்தேகமான இடத்தைக் காட்டற கருவி) தனியா ஒரு விதி இருக்கு, அதை ஆன் பண்ணி வெச்சுக்கங்க. எஸ்கியூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட பேசற மொழி) ஸ்ட்ரிங்க ஒட்டி ஒட்டி எழுதினா, பயனர் கொடுத்தது கட்டளையாவே ஓடிடற எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் வரும், டைப்புக்கு அதுவும் வெறும் ஸ்ட்ரிங்தான், மதிப்பைத் தனியா பாராமீட்டரா கொடுத்துத்தான் எழுதணும். லாகின் பண்ணின ஒருத்தர் இன்னொருத்தரோட பதிவ பார்க்கலாமாங்கிறதும் டைப்புக்குத் தெரியாது, 401க்கும் (நீ யாருன்னு தெரியல) 403க்கும் (தெரியும், ஆனா அனுமதி இல்ல) நடுவுல இருக்கற அந்த யோசனைய நாமதான் பண்ணணும்.

இதெல்லாம் சரி, முன்னேற்றத்தை எப்படித் திரும்பிப் பார்க்கறது, தினமும் என்ன பண்ணணும்னு கேட்டா, நான் பண்றது ஒரு நோட்டுப் புத்தகம்தான். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி. என்ன தப்பு, எங்க பிடிபட்டுச்சு, இன்னும் முன்னாடி எங்க பிடிபட்டிருக்கலாம். மூணாவது கேள்விதான் இதுல உயிர். அந்த எண்ணிக்கைத் தப்புக்கு, "எண்ணிக்கை 21 ஆச்சு, பயனர் சொல்லித் தெரிஞ்சுது, டேட்டாபேஸ் வாசல்லயே பிடிச்சிருக்கலாம்"னு எழுதினா, அடுத்த நாள் என்ன படிக்கணும்னு அதுவே சொல்லிடும். வாரக்கடைசில புரட்டிப் பார்த்தா பிடிபட்ட இடம் மெதுவா லாக்ல இருந்து டெஸ்ட்டுக்கும், டெஸ்ட்ல இருந்து எடிட்டருக்கும் நகர்றது தெரியும். சில மாசம் தப்போட எண்ணிக்கை கூடும், அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க, முன்னாடி கண்ணுக்கே தெரியாம போனது இப்போ தெரியுது.

கூடவே, மாசத்துக்கு ஒரு தடவை பழைய ப்ராஜெக்ட்ல ஒரே ஒரு ரவுட்ட எடுத்து பழசைப் பார்க்காம புதுசா எழுதுங்க, அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிங்க. முழு ப்ராஜெக்ட்டையும் எழுத உக்காந்துடாதீங்க, ஆர்வத்துல ஆரம்பிச்சு பாதில நின்னுடும். ஒரு ரவுட் போதும், புத்தகம் எடுக்கற ரவுட் மாதிரி கொஞ்சம் சிக்கலானதா இருந்தா நல்லது. அடுத்தவங்க ஆறு மாசத்துல எங்க போனாங்கன்னு பார்த்து மனசு உடையறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க எங்க ஆரம்பிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது, உங்க பழைய கோட் எங்க ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்.

நான் இந்த மாசம் எடுத்துக்கிட்டது அந்தப் புத்தகம் எடுக்கற ரவுட்தான். வாசல்ல ஸ்கீமா இருக்கு, ஐடிக்கு பிராண்ட் இருக்கு, நிலைமை யூனியனா இருக்கு, எடிட்டர்ல ஒரு சிவப்புக் கோடு கூட இல்ல. அக்காகிட்ட காட்டினேன். இந்தத் தடவை வேற கேள்வி கேட்டாங்க, "தம்பி, ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் ஒரே நேரத்துல எடுத்தா?" புத்தகம் ஷெல்ஃப்ல இருக்கான்னு நான் படிக்கறதுக்கும், வெளில போச்சுன்னு எழுதறதுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு, அந்த இடைவெளில ரெண்டாவது ரிக்வெஸ்ட்டும் ஷெல்ஃப்ல இருக்குன்னுதான் படிக்கும், ரெண்டு பேருக்கும் புத்தகம் கிடைச்சிடும். எந்த டைப்பும் இதைச் சொல்லாது. ஷெல்ஃப்ல இருந்தா மட்டும் மாத்துன்னு ஒரே அப்டேட் கட்டளையா எழுதி, எத்தனை வரிசை மாறுச்சுன்னு பார்த்து, பூஜ்ஜியம்னா ரெண்டாவது ஆளுக்கு 409 (மோதல்) கொடுக்கணும். நோட்டுல எழுதிட்டேன், பிடிபட்ட இடம்ங்கிற கட்டத்துல "அக்கா"ன்னு இருக்கு. இன்னிக்கு ராத்திரி ரெண்டு ரிக்வெஸ்ட்ட ஒண்ணா அனுப்பற டெஸ்ட் ஒண்ணு எழுதணும்.